அப்பாவின் பீரோவில் பிரிக்காத பெட்டிகள்

சென்ற பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்தபோது அப்பாவின் பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது. நகரவில்லை. உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைக்கலாம் என்று நானும் தங்கையும் கதவைத் திறந்தோம். அடித்தட்டில், பாச்சா உருண்டை வாசனைக்கு நடுவே, நாங்கள் பதினைந்து வருஷமாகக் கொடுத்த பரிசுகள் வரிசையாக இருந்தன. உறை பிரிக்காத சட்டைத்துணி இரண்டு. கண்ணாடி மேல் ஒட்டிய தாள் உரிக்காத கைக்கடிகாரம். தங்கை முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த தோல் பர்ஸ், உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்காமல். ஒரு சென்ட் பாட்டில். நடக்கும் அடிகளை எண்ணிச் சொல்லும் கைப்பட்டை, எப்போதோ சார்ஜ் இறங்கிச் செத்துப்போனது. பீரோவின் தலைமேல், கை எட்டும் இடத்தில், கைப்பிடி தேய்ந்து பளபளத்த டார்ச் ஒன்று கிடந்தது. அது மட்டும் அவரே பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கியது.

“ஏனுங்கப்பா, ஒண்ணையுமே எடுத்துப் போடலையா?”

“இருக்கட்டும் கண்ணு. நல்லநாள் பெரியநாளுக்கு ஆகும்.”

பதினைந்து வருஷத்தில் ஒரு நல்லநாள்கூடவா வரவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. தப்பு அவரிடம் இல்லை, எங்களிடம்தான் என்பது பிற்பாடு சில ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தபோது விளங்கியது.

பரிசு கொடுப்பதை உளவியலாளர்கள் கொஞ்ச காலமாகவே விடாமல் ஆராய்ந்து வருகிறார்கள். ஜெஃப் கேலக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 2016-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்து ஒரு விளக்கம் சொன்னார்கள். கொடுப்பவரின் மனசில் ஓடுவது உறையைப் பிரிக்கிற அந்த அரை நிமிஷம். முகம் மலர வேண்டும், “அடேங்கப்பா” என்று ஒரு சத்தம் வர வேண்டும். வாங்கிக்கொள்பவரின் மனசில் ஓடுவதோ அதற்கப்புறம் வரும் மாதங்களும் வருஷங்களும். இதை எங்கே வைப்பது, எப்படிப் பயன்படுத்துவது, ரிப்பேர் ஆனால் யாரிடம் போவது. ஒரே பெட்டியைக் கொடுப்பவர் ஒரு கணத்தால் அளக்கிறார், பெறுபவர் ஒரு காலத்தால் அளக்கிறார். எங்கள் பீரோவின் அடித்தட்டு இந்த இரண்டு அளவுகோலுக்கும் நடுவிலிருந்த பள்ளம்.

சோதனைகளில் இது தெளிவாகத் தெரிகிறது. தொலைவில் உள்ள உயர்தர உணவகம் ஒன்று, வீட்டுப் பக்கத்தில் உள்ள சுமாரான உணவகம் ஒன்று. இரண்டில் எதற்குப் பரிசுச்சீட்டு கொடுக்கலாம் என்று கேட்டால், கொடுப்பவர்கள் தூரத்து உணவகத்தின் பக்கம் சாய்கிறார்கள். அதை வைத்துச் சாப்பிடப் போகிறவர்களுக்குப் பக்கத்துக் கடையே வசதியாகப் படுகிறது. எர்னஸ்ட் பாஸ்கினும் அவருடைய சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது. சிறப்பைவிடச் சௌகரியம் பெறுபவருக்கு முக்கியம். கொடுப்பவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

விலை விஷயத்திலும் இதே கதை. ஃபிரான்சிஸ் ஃப்ளினும் கேப்ரியேல் ஆடம்ஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிக் கொடுத்த ஆண்களையும் அதைப் பெற்ற பெண்களையும் கேட்டார்கள். விலை கூடக்கூடப் பாராட்டும் கூடும் என்று ஆண்கள் நம்பினார்கள். பெண்களின் பதிலில் விலைக்கும் பாராட்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. மோதிரத்துக்கே இந்தக் கதி என்றால், சட்டைத்துணியின் விலைச்சீட்டைக் கிழிக்காமல் விட்டுவைத்த என் சாமர்த்தியத்தை என்ன சொல்ல?

சரி, அப்பாவின் இடத்தில் நம்மை வைத்து யோசித்துப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் டால் எயால், மேரி ஸ்டெஃபல், நிக்கோலஸ் எப்லி மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதில் மண்ணைப் போட்டது. அவர்கள் நடத்தியது 25 சோதனைகள். அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதால் அவர் மனசை இன்னும் சரியாக ஊகிக்க முடிகிறதா என்பது கேள்வி. முடியவில்லை. முடிகிறது என்ற நம்பிக்கைதான் சில சமயம் கூடியது. உண்மையில் உதவியது ஒன்றே ஒன்று: அவரையே கேட்பது.

கேட்டால் பதில் வருகிற வீடாக இருந்தால் அத்தோடு கட்டுரையை முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் வரும் பதில், “எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்? காசு கொட்டியா கெடக்குது?” உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும், வட்டார வழக்கு மட்டும் மாறும்.

இந்தப் பதிலை அடக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இன்னொரு விளக்கமும் உண்டு. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் வெளிவந்த தம்முடைய கட்டுரையில், எந்தச் சமூகத்திலும் பரிசு என்பது முற்றிலும் இலவசமாக இருப்பதில்லை என்று காட்டினார். கொடுக்கும் கடமை, ஏற்கும் கடமை, திருப்பிச் செய்யும் கடமை ஆகிய மூன்றும் அதில் பின்னிக்கிடக்கின்றன. இதை விளங்கிக்கொள்ள நமக்கு பிரெஞ்சுக்காரர் தேவையில்லை. மொய் நோட்டு போதும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் ஆடியில் மொய் விருந்து என்றே பந்தல் போட்டு நடக்கிறது. யார் எவ்வளவு செய்தார், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது வரிவரியாக எழுதி வைக்கப்படுகிறது. ஒரு தகப்பன் நாற்பது வருஷம் கொடுக்கிற பக்கத்திலேயே இருந்தவர். திடீரென்று அவர் பெயரை வரவுப் பக்கத்தில் எழுதினால் நோட்டே குழம்பிவிடும். “எனக்கெதுக்கு” என்பதில் அந்தக் குழப்பமும் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் இதற்கெல்லாம் நறுக்கென்று ஒரு வழி சொல்வார்: பணமாகவே கொடுத்துவிடு. பெற்ற பரிசுக்கு நீங்களே செலவழிப்பதானால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று யேல் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டு, 1993-இல் அவர் ஒரு கணக்குப் போட்டார். பரிசுக்காகச் செலவான தொகையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று வந்தது. கணக்கு சரிதான். ஆனால் எங்கள் அப்பா கையில் ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் அது பேத்தியின் உண்டியலில் கிடக்கும்.

ஊகித்தால் தப்பாகிறது, கேட்டால் பதில் இல்லை. மிச்சமிருப்பது பார்ப்பது. அந்தத் தேய்ந்த டார்ச் எதற்காகத் தேய்ந்தது என்று பார்ப்பது.

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார். மழை பெய்தாலும் வாசல்தான். ராத்திரி கூடத்தில் உட்கார்ந்தால் தலைப்பை மட்டும் மேய்ந்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். “கண்ணாடிய மாத்தோணும்” என்பார். மாற்றினோம். அப்போதும் வாசல்தான்.

காரணம் கண்ணாடியில் இல்லை, கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் கண்ணிலுள்ள லென்ஸ் நெகிழ்வு குறைந்து விறைக்கத் தொடங்கும். பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கடைசியில் கை நீளம் போதாமல் போவது அதனால்தான். வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது இது. இதற்குக் கண்ணாடி போதும். ஆனால் கூடவே இரண்டு மாற்றங்கள் சத்தமில்லாமல் நடக்கின்றன. கண்ணின் பாப்பா சிறுத்துப்போகிறது. இருட்டில் இளவயதில் விரிந்த அளவுக்கு அது விரிவதில்லை. லென்ஸோ மெல்ல மெல்ல மஞ்சள் ஏறி மங்குகிறது. இரண்டும் சேர்ந்து, 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரே அறையில், ஒரே விளக்கின் கீழ், மகன் பார்க்கிற அறை வேறு, அப்பா பார்க்கிற அறை வேறு.

மஞ்சள் ஏறிய லென்ஸ் நீல நிறத்தைத்தான் அதிகம் விழுங்கும். கருநீலப் பேண்டையும் கறுப்புப் பேண்டையும் பெரியவர்கள் மாற்றி எடுப்பதற்கு இது ஒரு காரணம். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் “வானம் இவ்வளவு நீலமா!” என்று வியப்பதும் இதனால்தான், பழைய மஞ்சள் லென்ஸ் போய்த் தெளிந்த லென்ஸ் வந்திருக்கிறது.

வாசற்படிக்கு வருவோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். ராத்திரி நம் வீட்டுக் கூடங்களில் சாதாரணமாக 100 லக்ஸ் அளவில் இருக்கும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவில் கிடைக்கும். நூறு மடங்கு. அப்பா இயற்பியல் படித்தவரில்லை. ஆனாலும் தன் கண்ணுக்குத் தேவையானது எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்து, தினமும் காலையில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். நாங்கள்தான் அதைக் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரிக்கு என்ன வழி? பெரிய டியூப்லைட் மாட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். எங்கள் கூடத்தில் டியூப்லைட் அப்பாவின் நாற்காலிக்குப் பின்சுவரில் இருக்கிறது. அவருடைய தலையின் நிழலே பேப்பர் மேல் விழும். விளக்கைப் பெரிதாக்குவதைவிடக் கிட்டே கொண்டுவருவதுதான் கெட்டிக்காரத்தனம். குண்டு பல்பு போன்ற சிறிய விளக்கிலிருந்து விழும் வெளிச்சம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. மூன்றில் ஒன்றாக்கினால் ஒன்பது மடங்கு. (நீளமான டியூப்லைட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.) 180 செ.மீ. தூரத்தில் இருக்கும் 9 வாட் எல்.இ.டி. பல்பை 60 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் கரண்ட் பில்லில் ஒரு பைசா கூடாமல் ஒன்பது மடங்கு வெளிச்சம். அறுபது வயதுக் கணக்கையே வைத்தால் அப்பாவின் கண் இழந்தது மூன்றில் இரண்டு பங்கு. அதை ஈடுகட்ட மூன்று மடங்கு போதும். மிச்சம் லாபம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வயதான லென்ஸ் வெளிச்சத்தைக் குறைப்பதோடு சிதறவும் விடும். பல்பு நேரடியாகக் கண்ணில் பட்டால் கூசும், எதிரே வரும் லாரி விளக்கு மாதிரி. அதனால் விளக்குக்குத் தொப்பி போல ஒரு மறைப்பு வேண்டும்; பேப்பர் மட்டும் வெளிச்சத்தில் நனைய வேண்டும், பல்பு கண்ணில் படக்கூடாது. கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய மேஜை விளக்கு போதும். அப்புறம், விளக்கு வாங்கும் முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கண்புரையும் கண் அழுத்தமும் விளக்கால் தீர்கிற காரியமில்லை.

டார்ச்சின் ரகசியமும் கண்ணில்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக வயதான கண்ணுக்கு அதிக நேரம் பிடிக்கிறது; பழகிய பிறகும், பாப்பா முழுக்க விரியாததால், உள்ளே போகும் வெளிச்சம் குறைவுதான். நடு ராத்திரியில் பாத்ரூம் போக எழுந்தால் நமக்கு நிழலாகத் தெரிவது அவருக்குத் தெரியாது. டியூப்லைட்டைப் போட்டால் அம்மா விழித்துக்கொள்வார். அதற்குத்தான் டார்ச். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை, ஆள் அசைந்தால் தானே எரியும் சின்ன விளக்குகள் இரண்டு வைத்தால் அந்த டார்ச்சுக்கு ஓய்வு கிடைக்கும். பரிசாக உறையில் சுற்றிக் கொடுக்க அவ்வளவு அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

காதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகள் கனத்த ஒலிகள், அவை கேட்கும். ச, ஸ, ஷ போன்ற மெய்களின் சீற்றம்தான் கரைந்துபோகும். “பேசறது கேக்குது, என்னன்னுதான் தெரியல” என்று பெரியவர்கள் சொல்வது மருத்துவரீதியாக மிகச் சரியான வர்ணனை. பேரக் குழந்தைகளின் மெல்லிய குரல் இன்னும் கஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம். டிவி சத்தத்தை ஏற்றினால் கேட்கிற ஒலிகள்தான் இன்னும் உரக்கக் கேட்கும், கேட்காதவை அந்த அளவுக்குத் தெளியாது. இன்றைய ஒல்லி டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழேயோ சுவரையோ பார்த்துப் பேசுகிறது. ஒரு சின்ன ஸ்பீக்கரை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால், வெளிச்சத்துக்குச் சொன்ன தூரக் கணக்கு ஒலிக்கும் ஓரளவு பலிக்கும்.

விரலும் ஒரு கதை சொல்லும். இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனை அப்பா தங்கையிடம் கொடுத்துவிட்டார். “தொட்டா வேல செய்ய மாட்டேங்குது” என்றார். நாங்கள் சிரித்தோம். தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரலின் ஈரத்தோல் வழியாக நிகழும் மிகச் சிறிய மின்னூட்ட மாற்றத்தைத்தான் உணர்கிறது. வயதால் உலர்ந்த தோல், அதிலும் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன தோல், மின்சாரத்தை அவ்வளவாக விடாது. திரை அந்த விரலை விரல் என்று கண்டுகொள்ளத் தடுமாறும். அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நாற்பது வருஷம் உழைத்த கையை ஒரு கண்ணாடித் துண்டு அடையாளம் தெரியாமல் ஒதுக்கியிருக்கிறது, நாங்கள் வேறு சிரித்திருக்கிறோம்.

2017-இல் சரிகம நிறுவனம் கொண்டுவந்த ‘கார்வான்’ பாட்டுப்பெட்டி, பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கும் பொருளாக ஏன் அவ்வளவு விற்றது என்பதும் இங்கே புரிகிறது. ஐந்தாயிரம் பழைய பாட்டுகள் உள்ளேயே இருக்கும். தொடுதிரை இல்லை, திருகுகிற குமிழ் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்டவைதான் குவிந்து வருகின்றன. உளவியலில் இதை நினைவுமேடு என்பார்கள். 1950-களின் மத்தியில் பிறந்தவருக்கு அந்த மேடு எம்.எஸ்.வி.யில் தொடங்கி இளையராஜாவின் வருகை வரை நீளும். அப்பாவின் பிறந்த வருஷத்தோடு பதினெட்டைக் கூட்டிப் பாருங்கள்; எந்தப் பாட்டு, எந்தப் படம், எந்தப் பழைய போட்டோ என்று தேட அந்த வருஷம் நல்ல இடம்.

உடம்பைப் பார்த்து வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை ரிப்பன் கட்டிக் கொடுத்தால் அப்பாவுக்குக் கேட்பது “நீங்க நோயாளி” என்பதுதான். கைத்தடி கொடுத்தால் கேட்கவே வேண்டாம். என் நண்பர் ஒருவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பாத்ரூமில் ஸ்டீல் கைப்பிடி மாட்டினார், “டைல்ஸ் வழுக்குதுப்பா, குழந்தைங்க விழுந்துடுவாங்க” என்று சொல்லி. அதில் குழந்தைகள் ஊஞ்சலாடுகிறார்கள், தாத்தா பிடித்துக்கொள்கிறார். அப்பாவுக்குச் செய்வதை வீட்டுக்குச் செய்வது போலச் செய்தால் மொய் நோட்டும் குழம்பாது. விளக்கு அந்த வகையில் சேர்த்தி. அதற்கு வயது கிடையாது.

பொருளே வேண்டாம் என்கிறவர்களுக்கும் ஆய்வில் இடமுண்டு. ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சனும் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், அரைமணி நேரம் ஓய்வு கிடைத்தால் யாருடன் கழிப்பீர்கள் என்று கேட்டார்கள். சமீபத்தில் படித்த புத்தகத்தின் ஆசிரியர், புதிதாகப் பழகியவர், நெருங்கிய உறவினர் என்று மூன்று வாய்ப்புகள். வயதானவர்கள் உறவினர் பக்கமே சாய்ந்தார்கள். மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனசு புதியதைத் தேடுவதை விட்டுப் பழகிய முகத்தைத் தேடுகிறது என்பது கார்ஸ்டென்சனின் கொள்கை. அரைமணி நேரம் என்பது கவனிக்க வேண்டிய அளவு. சுற்றுலா டிக்கெட் அல்ல.

நான் விளக்கு வாங்கினேன். “எதுக்கு கண்ணு?” என்றார், வழக்கம்போல. மறுநாள் பார்த்தால் அதன் அடிப்பாகத்தைக் கழற்றி, ஜன்னல் சட்டத்தில் இரண்டு திருகு போட்டு, தலைகீழாக மாட்டியிருந்தார். மேஜை எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று விளக்கம் வேறு. தன் கையால் பூட்டிய பொருளுக்கு மனிதர்கள் கூடுதல் மதிப்புக் கொடுப்பதை நாமே பூட்டிக்கொள்ளும் மேஜை நாற்காலி விற்கும் கடையின் பெயரால் ‘ஐகியா விளைவு’ என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஃபிட்டருக்கு அது பெயரில்லாமலே தெரியும். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு நான்காம் பக்கம்வரை வருகிறார். கைக்கடிகாரம் இன்னும் பீரோவில்தான்.

தந்தையர் தினம் ஜூன் மூன்றாம் ஞாயிறு. அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் 1910-இல் தொடங்கியது. அன்னையர் தினத்துக்கு அந்த நாட்டில் 1914-லேயே அரசு அங்கீகாரம் கிடைத்துவிட, அப்பாக்கள் 1972 வரை காத்திருந்தார்கள். அதனால் அவசரமில்லை. அதற்கு முன் ஊருக்கு ஒருமுறை போங்கள், ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீட்டில் இருக்கிற மாதிரி. அப்பா எந்த நாற்காலியில் உட்கார்கிறார், விளக்கு அவருக்கு முன்னாலா பின்னாலா, பேப்பருக்கும் அதற்கும் எத்தனை அடி என்று ஒரு இஞ்ச் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள்.